மேல்நோக்கிய அம்பு

எஸ்.பி. ரோட்டில் ஒன்பதாயிரத்து இருநூறுக்கு வாங்கினேன்.
ஓரத்தில் விரிசல், சுட்டி நகராது.
“கருப்புத் திரை மட்டும் சூப்பரா ஓடும் சார்” என்றான் கடைக்காரன்,
அதுவும் ஒரு வசதி என்பதுபோல.

இரவு பன்னிரண்டரை, பிடிஎம் லேஅவுட்.
டெலிவரிப் பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு
மேல்கட்டிலில், தலை கூரையில் இடிக்காமல்
கூனி உட்கார்ந்திருக்கிறேன்.
கீழ்க்கட்டிலில் திப்பேசுவாமியின் குறட்டை.

எங்கே இருக்கிறோம் என்று கேட்பதுதான் முதல் பாடமாம்.
பி டபிள்யூ டி.
எங்கள் ஓசூர்ப் பக்கம் அது பொதுப்பணித் துறை,
மனு கொடுத்தால் பதில் வர மூன்று வருஷம்.
இது இமைப்பதற்குள் சொல்லிவிட்டது:
சாய்கோடு ஹோம் சாய்கோடு ஃபர்ஹீன்.

என் பெயர் பூவரசன்.

நான் யார் என்றும் கேட்கலாம்,
ஹூஆம்ஐ, இடைவெளி விடாமல்.
கேட்டேன்.
ஃபர்ஹீன் என்றது.
தத்துவம் ஒன்றுமில்லை,
விற்றவள் அழிக்க மறந்திருக்கிறாள்.

பாதைகள் எனக்குப் புதிதல்ல.
லேஅவுட் / இரண்டாம் ஸ்டேஜ் / பதினாறாவது மெயின் /
எட்டாவது கிராஸ் / மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாது.
நாளொன்றுக்கு இருபத்தெட்டு முறை உள்ளே போய்
இருபத்தெட்டு முறை வெளியே வருகிறவன் நான்.
வெளியே வர இங்கே இரண்டு புள்ளி போதும்:
சி டி, இடைவெளி, புள்ளி புள்ளி.
ஏறிக்கொண்டே போனால் கடைசியில்
ஒரு சாய்கோடு மட்டும் மிஞ்சுகிறது.
அதற்கும் மேலே போ என்றேன்.
மறுக்கவில்லை. நகரவுமில்லை.

பிடித்துப்போன குணம் ஒன்று:
சொன்னதைச் செய்துவிட்டால் வாயே திறக்காது.
ஒரு கோப்புறை போடச் சொன்னேன். மௌனம்.
நடக்கவில்லையோ என்று பயந்து
மறுபடி சொன்னபோதுதான்
ஏற்கெனவே இருக்கிறதே என்றது.
ஐந்து நட்சத்திரம் கேட்கவில்லை.
பச்சைக் கட்டம் ஒன்று மட்டும் சிமிட்டிச் சிமிட்டி
அடுத்தது என்ன என்று நின்றது.

பிறகு கை தவறி மேல்நோக்கிய அம்பு.
முதலில் நான் சொன்னதையே ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தது.
இன்னும் அழுத்தினேன்.
நான் சொல்லாதது வந்தது.

ஹிஸ்டரி என்று அடித்தால் மொத்தமும் எண் போட்டு வருகிறது.
எனக்கு முன்னால் இருநூற்றுப் பதினொன்று வரிகள்.
எல் எஸ் என்பதை எஸ் எல் என்று
நாலு முறை அடித்திருக்கிறாள்.
டவுன்லோட்ஸில் எழுத்துகள் இடம் மாறி,
பெரிய எழுத்தை மறந்து,
இல்லாத வாசல்களில் முட்டி முட்டி.
அறுபதுக்கு அப்புறம் தப்பு குறைகிறது.
சிவி, சிவி புதுசு, சிவி இறுதி,
சிவி இறுதி இதுவேதான் என்று பெயர் மாற்றிக்கொண்டே போகிறாள்.
நூற்று நாற்பதில் எனக்கு இன்னும் புரியாத
செங்குத்துக்கோடு போட்ட நீள வரி ஒன்று.
அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன்.
கடைசி வரி எக்ஸிட்.

முதல் வரி?
ஹலோ.

வேறொன்றுமில்லை. ஹலோ.
என்ன பதில் வந்ததோ தெரியாது.
இது நாம் சொன்னதைத்தான் சேர்த்து வைக்கும்,
தான் சொன்னதை அல்ல.

இதையெல்லாம் துடைக்கவும் ஒரு கட்டளை உண்டு.
குப்பைத்தொட்டி கிடையாது,
நிச்சயமா என்று கேட்காது.
அடித்தும்விட்டேன். என்டர் மட்டும் பாக்கி.
விரல் அதன்மேல் கொஞ்ச நேரம்.
பின்னோக்கி, ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

அந்த வெற்று இடத்தில்
ஹலோ என்று அடித்தேன்.

அப்படி ஒரு கட்டளை இல்லை.

கீழே புரண்டு படுத்த திப்பேசுவாமி
“லைட் ஆஃப் மாடோ” என்றான்.